ஊதாக் கணக்கின் கேள்விக்குறிகள்

என் தம்பி அர்கெனை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். அதில் பத்தொன்பது ஆண்டுகள் எரிச்சலிலேயே போயின. முதல் ஆண்டு அவனுக்குப் பேச வராது என்பதால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

நான் எதைத் தொட்டாலும் அது அவனுக்கும் வேண்டும். நான் சதுரங்கம் கற்றேன், அவனும் கற்றான். நான் நிரல் எழுதப் போனேன், பின்னாலேயே வந்தான். ஓஷ் நகரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்தேன் என்பதற்காகவே அந்தப் பக்கம் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தான்.

"ஒரே காலேஜ்ல சேர்ந்தா ஒரே டீம்ல போட்டுருவாங்கக்கா. அப்புறம் உன்னை எப்படித் தோற்கடிக்கிறது?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டான்.

வாராவாரம் இணையத்தில் நாங்கள் தனித்தனியாகப் போட்டியிடும் தளம் ஒன்று உண்டு. நன்றாகச் செய்தால் புள்ளி ஏறும், சொதப்பினால் இறங்கும். புள்ளிக்கு ஏற்றபடி பெயரின் நிறமும் மாறும். சென்ற வசந்தத்தில் அவன் என்னைப் பதினான்கு புள்ளியில் தாண்டினான். உடனே அந்தப் பட்டியலை அச்செடுத்து, அவன் பெயர் மேலேயும் என் பெயர் கீழேயும் தெரியும்படி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எடுத்துவிடும்படி அம்மாவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் விடு, பெரிஜாத். கதவுல இருக்கிற கீறலை மறைக்குது" என்றாள் அம்மா.

இதெல்லாம் தனி ஆட்டம். நான் சொல்லப் போவது அணி ஆட்டத்தைப் பற்றி. மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம், பத்துக் கணக்குகள். அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் தெற்குப் பகுதிச் சுற்று நடந்தது. ஓஷ், ஜலால்-அபாத், பத்கென் என்று எங்கள் பக்கத்து நாற்பத்தோரு அணிகளும் அவரவர் கல்லூரியில் உட்கார்ந்து இணையத்தில் மோதும். மேலே ஒரு கேமரா எல்லாரையும் முறைத்துக்கொண்டிருக்கும். முதலிடம் பிடிக்கும் அணி மட்டும் அல்மாட்டியில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும். இரண்டாவதாக வருகிறவர்களுக்கு ஒரு சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன.

ஒருவர் ஐந்து ஆண்டுகள்தான் ஆடலாம் என்பது விதி. எனக்கு இது ஐந்தாவது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அல்மாட்டிக்குப் போக வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி இருந்தது. நூறு அணிகள் உட்காரும் அரங்கில் எங்களுக்கும் ஒரு மேசை வேண்டும், ஒரு கணக்கை முடித்ததும் யாராவது ஓடிவந்து அந்த மேசையில் பலூன் கட்ட வேண்டும். 

போட்டி நாள் காலையில் அம்மா எங்கள் இருவர் முன்னாலும் ரொட்டியையும் தேநீரையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் மர்ஷ்ருத்கா என்னும் சிற்றுந்துகள் கிளம்பும் நிலையத்தில் ஓட்டுநர்களுக்கு நேரம் குறிக்கும் வேலையில் இருக்கிறாள். நேரம், தாமதம், அபராதம் என்றால் அவளுக்குக் கண் மின்னும்.

"இன்னிக்காவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யாரு நிறைய கணக்கு முடிக்கிறாங்களோ அவங்க மேலம்மா" என்றேன். "ரெண்டு பேரும் சமமா முடிச்சா நிமிஷத்தைப் பாப்பாங்க. ஆரம்பிச்சதுல இருந்து எத்தனாவது நிமிஷத்துல ஒவ்வொண்ணையும் முடிச்சோம்னு கூட்டிக்கிட்டே வருவாங்க. யாருக்குக் கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க."

"தப்பா அனுப்பினா?"

"ஒரு தப்புக்கு இருபது நிமிஷம் அபராதம்" என்றான் அர்கென், வாய் நிறைய ரொட்டியோடு. "ஆனா அந்தக் கணக்கைக் கடைசியில முடிச்சாத்தான் அபராதம். முடிக்கவே இல்லைன்னா எத்தனை தப்பு பண்ணினாலும் ஒண்ணும் கிடையாது."

அம்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இரு இரு. வழியில நாலு தப்பு பண்ணிட்டு ஊர் வந்து சேர்ற வண்டிக்கு அபராதம் போடுவீங்க. ஊர் வந்தே சேராத வண்டியைச் சும்மா விட்டுருவீங்க. இது என்ன நியாயம்?"

"உலகம் பூரா இதாம்மா நியாயம்."

"என் நிலையத்துல நடக்காது" என்றாள் அவள். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு முடிவு சொல்லுவாங்கல்ல? ரெண்டு டீமும் இங்க வந்துருங்க. உஸ்கென் அரிசி வாங்கியாச்சு. புலாவ் போட்டுருவேன். ஜெயிச்சவங்களும் சாப்பிடலாம், தோத்தவங்களும் சாப்பிடலாம்."

"தோத்தவங்களுக்குக் கறி வேணாம்மா, அக்காவுக்கு வெறும் சோறு போதும்" என்றான் அவன். நான் அவன் தட்டிலிருந்த கடைசி ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் அணியில் மற்ற இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஹ்லியோ என் வகுப்புத் தோழி, உஸ்பெக் தெருப் பெண். யோசிப்பது அவள் வேலை. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், தூங்குகிறாளா என்று பார்க்கக் கிள்ளிப் பார்க்க வேண்டும். குல்ஜினா எங்களைவிட இரண்டு வகுப்பு கீழே. தட்டச்சு அவள் பொறுப்பு. தேவையில்லாமல் சிரிக்க மாட்டாள், தேவையானபோதும் சிரிக்க மாட்டாள். கணக்குகளைப் படித்து எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வதும், கேமராவுக்குக் கேட்காதபடி கத்துவதும் என் வேலை.

திரையில் தெரியும் மதிப்பெண் பலகையில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் இருக்கும். மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று வரிசையாக முடித்துக்கொண்டே வந்தோம். நான்கு மணி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. 240-ஆவது நிமிடத்தில் பலகையைப் பார்த்தேன். நாங்கள் ஏழு கணக்கு, 812 நிமிடம், முதலிடம். அர்கெனின் அணியும் ஏழு கணக்கு, 835 நிமிடம், இரண்டாமிடம். மூன்றாவதாக இருந்தவர்கள் ஐந்து கணக்கில் நின்றார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை.

அந்த நிமிடத்தோடு பலகை உறைந்துவிடும். கடைசி ஒரு மணி நேரம் நாம் அனுப்புவது சரியா தப்பா என்று நமக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தவர் அனுப்புவதற்குப் பலகையில் ஒரு கேள்விக்குறி விழும், எத்தனை முறை, கடைசியாக எந்த நிமிடத்தில் அனுப்பினார்கள் என்ற எண்கள் விழும், அவ்வளவுதான். முடிவு சொல்லும் நேரத்தில்தான் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகத் திறப்பார்கள்.

மீதமிருந்தவற்றில் இரண்டுதான் பேச்சுக்குரியவை. ஒன்று பழுப்புக் கணக்கு. வடிவியல், கோணமும் வட்டமுமாக நீளமானது, ஆனால் பொறுமையாக எழுதினால் வந்துவிடும். எங்களுக்கு வடிவியல் ஆகாது. அர்கெனின் அணியில் தைலாக் என்று ஒருவன் இருக்கிறான், அவன் வட்டம் வரைந்தே வளர்ந்தவன். இன்னொன்று ஊதாக் கணக்கு. மலைக் கிராமங்கள், அவற்றுக்கிடையே பாதைகள். பனி விழுந்து தினமும் ஒரு பாதை மூடும், இல்லாவிட்டால் மூடியது ஒன்று திறக்கும். ஒவ்வொரு நாளும் ஊர்கள் எத்தனை தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து கிடக்கின்றன என்று சொல்ல வேண்டும். இரண்டு லட்சம் ஊர், இரண்டு லட்சம் நாள். நாற்பத்தோரு அணிகளில் ஒருத்தர்கூட அதைத் தொட்டிருக்கவில்லை.

"தைலாக் பழுப்பை முடிச்சுருவான்டி" என்றேன். "அதுக்கு முன்னாடி அவங்க கவனத்தைக் கலைக்கணும்."

"எப்படி?" என்றாள் மஹ்லியோ, கண்ணைத் திறக்காமல்.

"ஊதாவுக்கு ஏதாவது குப்பையை அனுப்புவோம். பலகையில நம்ம பேருக்கு நேரா கேள்விக்குறி விழும். நான் ஊதாவைப் போடுறேன்னு தெரிஞ்சா அர்கெனால சும்மா இருக்க முடியாது. பழுப்பை அப்படியே போட்டுட்டு ஊதா பின்னால ஓடி வருவான். ஒரு மணி நேரம் காலி."

"அக்கா, ஒரு குப்பைக்கு இருபது நிமிஷம்" என்றாள் குல்ஜினா.

"முடிச்சாத்தானேடி? ஊதாவை எவ முடிக்கப் போறா?"

243-ஆவது நிமிடம், ஒரு பூஜ்ஜியத்தை மட்டும் அச்சிடும் நிரலை ஊதாவுக்கு அனுப்பினேன். எங்களுக்குத் தப்பு என்று வந்தது. மகிழ்ச்சியாகப் பலகையைத் திறந்தேன். எங்கள் வரிசையில் ஊதாவுக்கு நேரே ஒரு கேள்விக்குறி. கீழ் வரிசையில், என் தம்பியின் அணிக்கு நேரே, அதே ஊதாவில், அதே 243-ஆவது நிமிடத்தில் இன்னொரு கேள்விக்குறி.

"ஐயோ, அவன் ஊதாவைப் போட்டுட்டான்!"

"அவனும் உங்களை மாதிரியே குப்பை அனுப்புறானோ?" என்றாள் குல்ஜினா.

"அவனுக்கு அவ்வளவு மூளை இல்லை."

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், அது எனக்கு நன்றாகவே தெரியும். என்னோடு ஒரே வீட்டில், ஒரே ஃபிரிட்ஜில் பால் எடுத்துக் குடித்து வளர்ந்தவன் அதே பொய்யைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் அனுப்பியது உண்மையான முயற்சி என்றே சத்தியமாக நம்பினேன்.

அதன் பிறகு நடந்ததற்குச் சண்டை என்றுதான் பெயர். அவன் 247-இல் இன்னொன்று அனுப்பினான். விடுவேனா, 249-இல் நான் அனுப்பினேன். 252-இல் அவன், 254-இல் நான், 256-இல் அவன், 259-இல் நான். ஒவ்வொரு முறையும் நான் பூஜ்ஜியத்தை மாற்றி வேறு எண்ணைப் போட்டேன், ஒரே குப்பையைத் திரும்ப அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. 261-இல் அவனுடைய எண் ஐந்தானது.

ஐந்தாவதை அனுப்பக் கையை நீட்டினேன். விசைப்பலகை அங்கே இல்லை. குல்ஜினா அதைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"குடுடி."

"குடுக்க மாட்டேன்."

"நான் சீனியர், சொல்றேன், குடு."

"அவங்க இவ்வளவு தடவை முயற்சி பண்றாங்கன்னா ஊதாவுல ஏதோ வழி இருக்குக்கா. வழி இருந்தா நாமளும் முடிக்கலாம். முடிச்சா இந்தக் குப்பைக்கெல்லாம் அபராதம் வரும்."

அவளைக் கடித்துவிடலாமா என்று பார்த்தேன். அப்போது மஹ்லியோ கண்ணைத் திறந்தாள்.

"குல்ஜினா சொல்றது சரி. உன் தம்பி வழி தெரியாம அஞ்சு தடவை அனுப்புற ஆள் இல்லை. நானும் கால் மணி நேரமா ஊதாவைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு பாதையும் ஏதோ ஒரு நாள் திறந்து, ஏதோ ஒரு நாள் மூடுது. நாம ஒவ்வொரு நாளாப் போகாம, காலத்தையே பாதியா வெட்டினா? முதல் பாதி முழுக்கத் திறந்திருக்கிற பாதையை ஒரே தடவை போட்டுக்கலாம். அந்தப் பாதியை மறுபடி பாதியா வெட்டலாம். வேலை முடிஞ்சதும் போட்டதை உருவிட்டு, அடுத்த பாதிக்குப் போகலாம்."

நான் வாயை மூடிக்கொண்டு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுக்கியிருந்தோம். கடினமானது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

குல்ஜினா மடியிலிருந்து விசைப்பலகையை இறக்கினாள். 264-ஆவது நிமிடம். அவள் தட்டினாள், மஹ்லியோ சொன்னாள், நான் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். 280-இல் அர்கெனின் கேள்விக்குறி ஆறானது. அதற்கப்புறம் அங்கே எதுவும் அசையவில்லை. ஒன்று கைவிட்டிருக்க வேண்டும், இல்லை முடித்திருக்க வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

289-இல் அனுப்பினோம். தப்பு.

"போச்சு" என்றேன்.

"போகலை, கத்தாதீங்க" என்றாள் குல்ஜினா. பனி விழுவதற்கு முந்தைய நாளுக்கும் விடை கேட்டிருந்தார்கள், அதை நாங்கள் விட்டுவிட்டோம். அவள் நான்கு வரிகளைத் திருத்தினாள். அந்த நான்கு வரிகளும் நாலு வருஷம் மாதிரி இருந்தன. 296-இல் மறுபடி அனுப்பினோம்.

சரி என்று வந்தது. நான் மஹ்லியோவைக் கட்டிக்கொண்டேன், மஹ்லியோ குல்ஜினாவைக் கட்டிக்கொண்டாள், குல்ஜினா நாற்காலியோடு சாய்ந்து விழப் பார்த்தாள். கேமராவுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

வீட்டுக்கு நடக்கும்போது மனதில் கூட்டிக்கொண்டேன். ஊதாவை முடித்தது 296. குப்பை நான்கு, உண்மையான தப்பு ஒன்று, ஆக அபராதம் நூறு. பழைய 812-உடன் சேர்த்தால் 1208. எட்டுக் கணக்கு, 1208 நிமிடம். அர்கென் முடித்திருக்காவிட்டால் நாங்கள்தான். முடித்திருந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் ஆறு பேரும் தரையில் விரித்த மெத்தைகளில் உட்கார்ந்திருந்தோம். நடுவே பெரிய தட்டில் புலாவ் ஆவி பறந்தது. தொலைக்காட்சியில் முடிவு அறிவிப்பு. அர்கென், தைலாக், வாயே திறக்காத அவர்களின் மூன்றாவது ஆள் எல்லாரும் மூஞ்சியைக் கல் மாதிரி வைத்திருந்தார்கள். நாங்களும்தான்.

"என்னக்கா, ஊதா எப்படி இருந்துச்சு?" என்றான் அர்கென்.

"நல்லா இருந்துச்சு. உனக்கு?"

"எனக்கும் நல்லா இருந்துச்சு."

"உனக்கு எப்போதான்டா கெட்டதா இருந்திருக்கு?"

"சாப்பிடுங்க முதல்ல" என்றாள் அம்மா. யாரும் சாப்பிடவில்லை. அவள் பார்த்துவிட்டு, தானும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அறிவிப்பாளர் கடைசி இடத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு அணியின் கேள்விக்குறியும் திறக்கும், பச்சையானால் அந்த வரிசை துள்ளி மேலே போகும், சிவப்பானால் அங்கேயே நிற்கும். பத்கெனிலிருந்து ஒரு அணி பதினெட்டு இடம் தாவியது. அம்மா அவர்கள் யாரென்றே தெரியாமல் கை தட்டினாள். மூன்றாவது இடம் வரைக்கும் வந்தார். பிறகு இரண்டாவது, அர்கெனின் வரிசை.

"ஆறு முயற்சிகள்" என்றார் அறிவிப்பாளர். "பார்ப்போம்."

பச்சை. அவர்களின் வரிசை எங்களைத் தாண்டி முதலிடத்துக்கு ஏறியது. தைலாக் குதித்தான், வாயே திறக்காதவன் வாயைத் திறந்து அலறினான். அர்கென் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். அம்மா அவனைக் கட்டிப்பிடித்தாள்.

நான் மட்டும் அந்த வரிசையின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். எட்டுக் கணக்கு, 1215.

எங்களுடையது 1208. ஏழு நிமிடம்.

மஹ்லியோ என் தொடையைக் கிள்ளினாள், வலித்தது. இருபது ஆண்டுகளாக நான் காத்திருந்த தருணம் அது. அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஆனால் தம்பி அப்படித் துள்ளுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இன்னும் ஒரு பத்து விநாடி துள்ளட்டும் என்று மனதார நினைத்தேன். அப்படி நினைப்பேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"அடுத்த அணி" என்றார் அறிவிப்பாளர். "இவர்களுக்கும் அதே கணக்கு. ஆச்சரியமாக, இவர்களுக்கும் ஆறு முயற்சிகள்."

பச்சை. எங்கள் வரிசை ஒரு படி ஏறி எல்லாருக்கும் மேலே போய் நின்றது. நான் வீடு அதிரக் கத்தினேன். கீழ் வீட்டிலிருந்து யாரோ குழாயைத் தட்டினார்கள். மஹ்லியோ அழுதாள், குல்ஜினா எல்லாருக்கும் தெரியும்படி, எல்லாப் பல்லும் தெரியும்படி சிரித்தாள். அல்மாட்டி! எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை.

பிறகுதான் அர்கெனைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தான். தோள் குலுங்கியது. எனக்குச் சட்டென்று சத்தம் அடங்கியது. அம்மா, "என் ஒட்டகக் குட்டி" என்று அவன் தலையைத் தடவினாள். நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன்.

"டேய். டேய், அர்கென்."

அவன் கையை எடுத்தான். சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் வரும்படி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சுக்கா! அஞ்சு குப்பை அனுப்பினேன்! நாலோட நிறுத்தியிருந்தா நான் அல்மாட்டில இருப்பேன்!"

"குப்பையா?"

"பின்ன? உன்னை பயமுறுத்தத்தான் அனுப்பினேன். நீ நிஜமாவே ஊதாவைப் போடுறேன்னு நினைச்சு பயந்துட்டேன். தைலாக் பழுப்பை எழுதிக்கிட்டிருந்தான். இன்னும் பத்து வரிதான் பாக்கி. அதை நிறுத்துடான்னு சொல்லி, மூணு பேரும் ஊதா மேல விழுந்தோம். திரும்பப் பழுப்பை எடுத்தப்போ ஒரு கோணம் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதுக்குள்ள நேரம் முடிஞ்சுருச்சு."

"பத்து வரி" என்றான் தைலாக் துக்கமாக. "பத்தே பத்து வரி."

நான் குல்ஜினாவைப் பார்த்தேன், குல்ஜினா என்னைப் பார்த்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"என்னதும் குப்பைதான்டா. நாலு."

அர்கென் வாயைப் பிளந்தான். அம்மா இருவரையும் பார்த்தாள். "இருங்க. நீ இவளை ஏமாத்த அனுப்பின. நீ இவனை ஏமாத்த அனுப்பின. ரெண்டு பேரும் ஏமாந்தீங்க. ஏமாந்து ரெண்டு பேரும் கணக்கை முடிச்சுட்டீங்க. அபராதமும் கட்டினீங்க."

"ஆமாம்மா."

"இந்த மாதிரி ரெண்டு டிரைவர் என் நிலையத்துல இருந்தா அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிருப்பேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள், தட்டில் கை வைத்து எல்லாருக்கும் கறியைப் பங்கு போட்டாள்.

"அக்கா எப்படி நாலோட நிறுத்தினா?" என்று கேட்டான் அர்கென். "அவளுக்கு நிறுத்தவே தெரியாதே."

"நான் விசைப்பலகையைத் தரலை" என்றாள் குல்ஜினா.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அடுத்த வருஷம் நீ எங்க காலேஜுக்கு வந்துரு."

"மாட்டேன். அடுத்த வருஷமும் நான் இங்கதான் இருப்பேன். எத்தனை குப்பை வேணும்னாலும் அனுப்பிப் பாரு."

சாப்பாடு முடிந்து எல்லாரும் தேநீருக்கு உட்கார்ந்தபோது அர்கென் என் பக்கத்தில் வந்தான். கையிலிருந்த கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே பேசினான். 

"அல்மாட்டில பெரிய பெரிய டீம் வரும்க்கா. அங்க யாரோட கேள்விக்குறியையும் நம்பாத."

"நம்பாதன்னா சொல்ற? உன் கேள்விக்குறியை நம்பினதாலதானேடா ஊதாவையே படிச்சோம். நீ போடுறேன்னா அது போடக்கூடிய கணக்குன்னு நினைச்சேன். இல்லைன்னா நாங்க திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இருபது ஆண்டுகளில் அவனிடம் இப்படி ஒன்றை நான் சொன்னதே இல்லை. முகம் சூடானது. கேலி செய்யப் போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் கேலி செய்யவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"நானும்தான்க்கா" என்றான். "நீ போடுறேன்னு நினைச்சுத்தான் நானும் போட்டேன்."